பொழுதுபோக்கு ஏரியும் அணைப் பாதுகாப்பு வகைப்பாடும்: பெங்களூருச் சாங்கி ஏரி காட்டும் பாடம்

பெங்களூரின் மல்லேசுவரம், வயாலிக்காவல், சதாசிவநகர் ஆகிய பகுதிகளுக்கிடையே அமைந்துள்ள சாங்கி ஏரியைக் காலை வேளையில் காண்போர் அதனை ஓர் அணைக்கட்டின் நீர்த்தேக்கம் என்று எண்ணுவதில்லை. நடைப்பயிற்சிக்கு வருவோரும், பறவைகளைப் பார்க்க வருவோரும், மாலையில் குழந்தைகளுடன் வந்து அமர்வோரும் அதனைப் பூங்காவின் ஒரு பகுதியாகவே கருதுகின்றனர். ஆயினும் பொறியியல் நோக்கில் அது அணைதான். பள்ளத்தின் குறுக்கே மண்ணைக் குவித்துக் கரை எழுப்பி, அதன் பின்னே மழைநீரைத் தேக்கி வைத்திருக்கும் அமைப்பு எதுவாயினும், அதன் பெயர் ஏரியானாலும் குளமானாலும் கன்னடத்தில் வழங்கும் 'கெரெ' ஆனாலும், அணைக்குரிய விதிகள் அனைத்தும் அதற்கும் பொருந்தும். நீரின் அழுத்தம் பெயரைப் பார்த்துக் குறைவதில்லை.

இத்தகைய சிறிய, நகராட்சிப் பொறுப்பிலுள்ள, இன்று பெரிதும் பொழுதுபோக்கிற்கே பயன்படும் அணைகளைப் பாதுகாப்பு நோக்கில் எந்த வகையில் சேர்ப்பது என்பது நிர்வாகத் துறையில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத வினாவாகும். பெரிய அணைகளுக்குச் சட்டம் உண்டு, ஆய்வுக் குழுக்கள் உண்டு, ஆண்டறிக்கை உண்டு. நகர ஏரிகளுக்கு வேலியும் விளக்கும் நடைபாதையும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெற்றிடத்தைப் புரிந்துகொள்ளச் சாங்கி ஏரி ஏற்ற எடுத்துக்காட்டாக அமைகிறது.

ஏரி முன்னே, நகரம் பின்னே

சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்தவரும், மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக நெடுங்காலம் பணியாற்றியவருமான ரிச்சர்டு ஹைரம் சாங்கியின் பெயரால் இவ்வேரி வழங்குகிறது. இன்று கப்பன் பூங்கா என்று அறியப்படும் தோட்டமும், உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரக் கச்சேரிக் கட்டடமும் அவருடைய பெயரோடு இணைந்தவையே. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் பெங்களூரின் நீர்வளம் எத்துணை மெலிந்தது என்பதைக் காட்டிற்று. அதன் பின்னர் 1882-ஆம் ஆண்டில் நகரின் குடிநீர்த் தேவைக்காக இவ்வேரி கட்டப்பட்டது. அண்மையில் அரசுச் சந்தனக் கிடங்கு இருந்தமையால் 'கந்ததகோட்டி கெரெ' என்ற பெயரும் இதற்கு உண்டு.

குடிநீர் ஏரியாக இதன் வாழ்வு நீடிக்கவில்லை. 1890-களில் அர்க்காவதி ஆற்றின் குறுக்கே எசரகட்டா நீர்த்தேக்கம் அமைந்து, குழாய்வழிக் குடிநீர் நகருக்கு வரத் தொடங்கியது. 1930-களில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. பின்னர் காவிரி நீர் வந்தது. குடிநீர்ப் பணியை இழந்த ஏரிகளுக்கு இரண்டு கதிகளே நேர்ந்தன. ஒன்று, தூர்க்கப்பட்டு நிலமாதல். தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. கோரமங்கலத்து ஏரியொன்று தேசிய விளையாட்டுக் கிராமமாயிற்று. மற்றொன்று, பூங்காவாதல். சாங்கி ஏரிக்கு இரண்டாம் கதி வாய்த்தது. அதனால் நீர்ப்பரப்பு சுமார் 15 ஹெக்டேரில் இன்றும் எஞ்சியுள்ளது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மல்லேசுவரம் விரிவாக்கம் திட்டமிடப்பட்டு வீதிகளாக வகுக்கப்பட்டது 1889-க்குப் பின்னரே; 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின் அங்குக் குடியேற்றம் பெருகியது. சதாசிவநகர் அதற்கும் பிற்பட்டது. ஆக, கரை எழுந்தபோது அதனைச் சூழ்ந்திருந்தவை பெரும்பாலும் தோட்டங்களும் வெளிகளுமே. கட்டியவர்கள் கணக்கிட்ட இடர் அந்த நாளின் இடர். கரையில் ஒரு கூடை மண்ணும் மாறாமலேயே, அதனைச் சுற்றி வீதி வீதியாக நகரம் வளர்ந்துவிட்டது. அணைப் பாதுகாப்பு வகைப்பாட்டின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும் எனலாம்.

உயரத்தால் அளக்கும் முறை

நம் நாட்டில் அணைப் பாதுகாப்பு நிர்வாகம் அண்மைக் காலத்தில்தான் சட்ட வடிவம் பெற்றது. 1961-ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று பூனாவுக்கு மேலே பான்ஷெட் அணை உடைந்தது. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. மோர்வியில் வந்த வெள்ளம், அணையின் உபரிநீர் வழி வடிவமைக்கப்பட்ட அளவைப்போல் இரு மடங்கிற்கும் மேற்பட்டது. மண்கரைகளின் மேல் நீர் வழிந்தோடி அவற்றைக் கரைத்துவிட்டது. அதே 1979-இல் மத்திய நீர் ஆணையத்தில் அணைப் பாதுகாப்பு அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. 1982-இல் நியமிக்கப்பட்ட நிலைக்குழு 1986-இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து ஒரு முழுமையான சட்டம் உருவாக முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் எல்லா அணைகளுக்கும் பொதுவானதன்று. 'குறிப்பிட்ட அணை' என்று அது வரையறுப்பவற்றிற்கே பொருந்தும். 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணை இவ்வகையில் சேரும். உயரம் 10 முதல் 15 மீட்டர் வரை இருப்பின் வேறு சில நிபந்தனைகளில் ஒன்றேனும் நிறைவேற வேண்டும்: கரையின் நீளம் 500 மீட்டருக்குக் குறையாதிருத்தல், கொள்ளளவு 10 லட்சம் கனமீட்டருக்குக் குறையாதிருத்தல், வெளியேற்ற வேண்டிய உச்ச வெள்ளம் விநாடிக்கு 2,000 கனமீட்டருக்குக் குறையாதிருத்தல், அடித்தளத்தில் தனிச் சிக்கல் இருத்தல், வடிவமைப்பு வழக்கத்திற்கு மாறானதாயிருத்தல் ஆகியன அவை. 10 மீட்டருக்கும் தாழ்ந்த கரை எதுவும் இச்சட்டத்தின் பார்வைக்குள் வருவதில்லை, அதன் கீழே எத்தனை குடும்பங்கள் உறங்கினாலும்.

சாங்கி ஏரியின் அளவுகளை இங்கே பொருத்திப் பார்க்கலாம். அதன் மிகுந்த ஆழம் 9 மீட்டரை ஒட்டியது. இத்தகைய ஏரிகளில் சராசரி ஆழம் உச்ச ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கும் எனக் கொள்வது வழக்கம். 15 ஹெக்டேர் பரப்பை அதனால் பெருக்கினால், கொள்ளளவு ஏறத்தாழ 5 முதல் 7 லட்சம் கனமீட்டர் என்று கிடைக்கிறது. சட்டம் கூறும் 10 லட்சத்தை அது எட்டவில்லை. இந்தியத் தர நிர்ணயம் 11223 என்ற 1985-ஆம் ஆண்டு வழிகாட்டி, கொள்ளளவு 5 லட்சம் முதல் 1 கோடி கனமீட்டர் வரையும், நீர்த்தலை 7.5 முதல் 12 மீட்டர் வரையும் உள்ள அணைகளைச் 'சிறியவை' என வகுக்கிறது. இவ்வேரி அந்தச் சிறியவற்றின் கீழ்ப்படியில் நிற்கிறது. சிறிய அணை நூறாண்டுக்கு ஒருமுறை நேரக்கூடிய வெள்ளத்தைத் தாங்கினால் போதும் என்பது அவ்வழிகாட்டியின் பொது விதி. இடைநிலை அணைகளுக்கு நிலைத்தர வெள்ளமும், பெரிய அணைகளுக்கு நேரக்கூடிய உச்ச வெள்ளமும் அளவுகோல்கள்.

எண்ணிக்கை மிகுந்த அணைகளைக் கண்காணிக்க நினைக்கும் அரசுக்கு உயரம் என்பது எளிய அளவுகோல் என்பதை மறுப்பதற்கில்லை. நாட்டில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. ஏரிகளோ பல லட்சம். எங்காவது கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கோட்டிற்கு வெளியே விழுந்தது பாதுகாப்பானது என்ற எண்ணம் மெல்ல வேரூன்றிவிடுகிறது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. அலுவலகக் கோப்புகளே அவ்வாறு படித்துக்கொள்கின்றன.

விளைவால் அளக்கும் முறை

மேற்கூறிய 1985-ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே, பலர் கடந்து சென்றுவிடும் ஒரு விதி உண்டு. அணை உடைந்தால் நேரும் தீங்கு மிகுதியாயின், அதன் அளவிற்குரியதைவிடப் பெரிய வெள்ளத்திற்கு வடிவமைக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. தீங்கை எடைபோடுகையில் கீழ்ப்புறத்துக் குடியிருப்புகள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதையும், எதிர்காலத்தில் அங்கு ஏற்படக்கூடிய வளர்ச்சியையும், கீழ்ப்புற ஓடை சேதமின்றி எவ்வளவு நீரைக் கடத்த வல்லது என்பதையும் கருத வேண்டும் என்று வழிகாட்டி கூறுகிறது. எதிர்கால வளர்ச்சி என்ற சொல்லைப் பெங்களூரைவிடப் பொருத்தமாக வேறெந்த நகரத்திற்குச் சொல்ல முடியும்?

2020-இல் மத்திய நீர் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி இக்கருத்தை முழுமையான வகைப்பாடாக்கியது. அணைகளை அவற்றின் உடைப்பால் விளையக்கூடிய தீங்கின் அடிப்படையில் நான்கு வகுப்புகளாக அது பிரிக்கிறது. அமெரிக்காவில் குறைந்த, குறிப்பிடத்தக்க, உயர்ந்த என மூன்று பிரிவுகள் வழங்குகின்றன. மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இதுவே. 'உயர் இடர் வகுப்பு' என்றால் அணை பழுதுற்றது என்று பொருளில்லை. நேற்றுக் கட்டி முடித்த, குறையேதுமற்ற அணையும் ஒரு நகரத்திற்கு மேலே இருந்தால் உயர் இடர் வகுப்பைச் சேர்ந்ததே. கரை இடிந்து கிடக்கும் காட்டு ஏரி, கீழே எவருமில்லையாயின், குறைந்த இடர் வகுப்பிலேயே இருக்கும். வகுப்பு என்பது அணையின் உடல்நிலையைக் கூறுவதன்று. எவ்வளவு அடிக்கடி மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்பதைக் கூறுவது. இதனை விளக்கத் தவறும்போது, தம் அணை 'உயர் இடர்' எனப் பட்டியலிடப்படுவதை உரிமையாளர்கள் அவப்பெயராகக் கருதி எதிர்க்கின்றனர்.

பொழுதுபோக்கு அணை ஒன்றால் ஒரு நாட்டின் கண் திறந்த வரலாறும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்னுமிடத்திற்கு மேலே கெல்லி பார்ன்ஸ் அணை இருந்தது. 1899-இல் மின்னாக்கத்திற்காகத் தொடங்கப்பட்டுப் பின் மண் கொட்டி உயர்த்தப்பட்ட அது, 1957-இல் மின்னாக்கம் நின்றபின் பொழுதுபோக்கு ஏரியாகவே இருந்து வந்தது. உயரம் 38 அடி, அதாவது 12 மீட்டருக்கும் குறைவு. கீழே ஒரு கல்லூரியும் மாணவர் குடியிருப்புகளும் இருந்தன. 1977-ஆம் ஆண்டு நவம்பர் 6 அன்று நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணிக்கு, கடும் மழைக்குப்பின் அது உடைந்தது. 39 பேர் உயிரிழந்தனர். அணைகளை ஆய்வு செய்ய 1972-இலேயே அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டிருந்தது; அதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. டொக்கோவாவிற்குப் பின் குடியரசுத் தலைவர் கார்ட்டர், உயர் இடர் வகுப்பைச் சேர்ந்த, மைய அரசுக்கு உரிமையல்லாத அணைகளை ஆராய ஆணையிட்டார். 1981 வரை சுமார் 8,800 அணைகள் ஆராயப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை எனக் கண்டறியப்பட்டது. பெரும்பாலானவற்றின் குறை ஒன்றே: உபரிநீர் வழி போதாமை.

கலிங்கும் கட்டட வளர்ச்சியும்

ஏரிக்கரைகள் உடைவதற்குரிய வழிகள் சிலவே. கரையின்மேல் நீர் வழிந்து மண்ணை அரித்தல் ஒன்று. கரையின் உள்ளே கசியும் நீர் மண்துகள்களைச் சுமந்து வெளியேறி, சிறு துளை பெருந்துளையாகி, கரை உள்ளிருந்தே பொந்தாகிப் போதல் மற்றொன்று. நனைந்த சரிவு தன் எடை தாளாமல் வழுக்கி இறங்குதல் மூன்றாவது. இவற்றுள் முதலாவதற்கு மருந்து கலிங்கு. கன்னடத்தில் இதனைக் 'கோடி' என்பர். ஏரி நிரம்பிக் கோடி வழிந்தால் ஊரார் பூசையிட்டு மகிழ்வது பழைய மைசூர்ப் பகுதியின் வழக்கம். ஏரி தன் வழியே வழிகிறது, கரைமேல் வழியவில்லை என்ற நிம்மதியும் அம்மகிழ்ச்சியில் கலந்திருக்க வேண்டும்.

பழைய கலிங்கு புதிய நகரத்திற்குப் போதுமா என்பதை எளிய கணக்கால் காணலாம். சாங்கி ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 1.25 சதுர கிலோமீட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பொழிவதாகக் கொள்வோம். தோட்டமும் புல்வெளியுமாக இருந்த காலத்தில் பெய்த மழையில் பத்தில் மூன்று பங்கே ஓடி வந்தது எனக் கொண்டால், ஏரிக்கு வரும் உச்ச நீர்வரத்து விநாடிக்குச் சுமார் 6 கனமீட்டர். அதே பரப்பு கூரையும் தார்ச்சாலையும் காரைத் தளமுமாக மாறி நூற்றுக்கு 85 பங்கு ஓடி வருமாயின், விநாடிக்குச் சுமார் 18 கனமீட்டர். மழை அதே மழை. நீர் மூன்று மடங்கு. முன்பு மண்ணில் ஊறித் தாமதித்து வந்த நீர் இப்பொழுது வடிகாலில் விரைந்து வருவதால் உச்சம் இன்னும் கூர்மையாகும். இக்கணக்கு அதனைச் சேர்க்கவில்லை. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரில் ஒரே நாளில் 130 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்து கிழக்குப் பகுதிகள் நீரில் மூழ்கியதை நோக்கின், இத்தகைய கணக்குகள் ஏட்டளவில் நிற்பவையல்ல என்பது விளங்கும்.

கரை உடைந்தால் என்னாகும் என்பதற்கும் ஒரு கணக்கு போதும். 5 லட்சம் கனமீட்டர் நீர் ஒரு மணி நேரத்தில் வடிவதாகக் கொண்டால், சராசரி வெளியேற்றம் விநாடிக்கு ஏறத்தாழ 140 கனமீட்டர். மேற்கண்ட கடும் மழையின் உச்சத்தைப்போல் எட்டு மடங்கு. இது சராசரிதான், உச்சம் இதனினும் மிகும். நகர வடிகால் எதுவும் இதற்கென்று கட்டப்பட்டதில்லை. இந்நீர் வீதிகளின் வழியேதான் போகும்.

பொழுதுபோக்கு ஏரிக்கு மட்டுமே உரிய ஓர் இடர் இங்கே கூறப்பட வேண்டும். பாசன ஏரி ஆண்டில் பல மாதங்கள் காலியாகவோ அரைகுறையாகவோ கிடக்கும். மதகின் வழியே நீர் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். கோடையில் கரையின் உட்சரிவு வெளிப்பட்டு உலரும். வெடிப்பும் பொந்தும் கண்ணுக்குத் தெரியும். முதல் பெருமழை வரும்போது அதனை வாங்கிக்கொள்ள ஏரியில் இடமிருக்கும். பொழுதுபோக்கு ஏரியோ அழகிற்காக எப்பொழுதும் நிரம்பியிருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் கழிவுநீரோ சுத்திகரித்த நீரோ வந்து சேரும் நகர ஏரிகள் வற்றுவதே இல்லை. ஆயக்கட்டு மறைந்த பின் பல ஏரிகளில் மதகுகள், கன்னடத்தார் 'தூபு' என்பவை, பயனின்றி அடைபட்டுப் போயின. அதன் விளைவு யாதெனில், ஆபத்து நேரத்தில் நீர்மட்டத்தைக் குறைக்க வழியில்லை. நெருக்கடியில் கரையை வெட்டிவிடுவோம் என்ற எண்ணம் அப்பொழுதுதான் எழுகிறது. அதைவிடக் கேடான வழி வேறில்லை.

பெங்களூர் இதனை நேரில் கண்டது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. நகரின் தெற்கே உள்ள ஹுளிமாவு ஏரியின் கரையில் ஒரு பகுதி தோண்டப்பட்டதை அடுத்துக் கரை உடைந்து, நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அன்று பெருவெள்ளம் ஏதுமில்லை. பகற்பொழுது, மக்கள் விழித்திருந்தனர். கெல்லி பார்ன்ஸ் அணையின் ஒன்றரை மணி நள்ளிரவோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பவர், இடர் வகைப்பாட்டில் எச்சரிக்கை நேரத்திற்கு ஏன் இத்துணை முதன்மை தரப்படுகிறது என்பதை உணர்வார். அதே 2019-இன் ஜூலை 2 இரவில் மராட்டியத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறுபாசன அணை உடைந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் அடித்துச் செல்லப்பட்டனர். அதுவும் சிறிய மண் அணையே.

கரைமேல் சாலை

சாங்கி ஏரியின் கரைமேல் சாலை ஓடுகிறது. பாஷ்யம் சந்திப்பையும் மல்லேசுவரம் பதினெட்டாம் குறுக்குத் தெருவையும் இணைக்கும் அச்சாலை 'சாங்கி ஏரிக் கரைச் சாலை' என்றே வழங்குகிறது. 2011-இல் அதனை அகலப்படுத்த முயன்றபோதும், 2022, 2023-ஆம் ஆண்டுகளில் மேம்பாலமும் அகலப்படுத்தலும் திட்டமிடப்பட்டபோதும் குடியிருப்போர் எதிர்த்தனர். அவர்கள் முன்வைத்த வாதங்களில் மரங்களே முதலிடம் பெற்றன. மரங்களைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அச்சாலை ஓர் அணையின் உச்சி என்பதும், அதில் கால்வாய் தோண்டுவதும் தூண் இறக்குவதும் அணையில் செய்யும் மராமத்து என்பதும் அவ்விவாதத்தில் போதிய இடம் பெறவில்லை. சாலைப் பொறியாளர் போக்குவரத்தைக் கணக்கிட்டார். பூங்கா அலுவலர் மரங்களை எண்ணினார். அணைப் பொறியாளர் என ஒருவர் அவ்விடத்தில் இருந்திருக்க வேண்டும்.

இலங்கையின் கந்தளாய்க் குளம் இதற்கு ஓர் எச்சரிக்கை. பழமை வாய்ந்த அந்தப் பெருங்குளத்தின் கரை 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 20 அன்று உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரைமேல் கனரக வாகனங்கள் தொடர்ந்து சென்றதும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. சாலை இருப்பதால் மட்டும் கரை உடைந்துவிடாது என்பதும் உண்மையே. அகன்ற உச்சியும் இறுகிய மண்ணும் கரைக்கு வலு சேர்ப்பதுண்டு. அச்சம் வேறிடத்தில் உள்ளது. சாலைக்கு அடியில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி என ஒவ்வொரு துறையும் தனித்தனியே தோண்டிப் பதிக்கிறது. கரைக்குள் கிடக்கும் குழாயின் ஓரமாக நீர் வழி தேடிக்கொள்வது மண் அணைகளின் பழைய நோய். தார் பூசிய மேற்பரப்பு அதனை மறைத்துவிடுகிறது.

பொறுப்பு யாரிடம்?

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் சோழர் கால ஊராட்சியில் ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்தது. பழைய மைசூர்ப் பகுதியில் 'நீருகண்டி' என்ற ஊழியர் மதகைத் திறந்து மூடினார், கரையையும் கண்காணித்தார். அந்த ஊழியருக்கு ஊதியம் வயலிலிருந்து வந்தது. வயல் மறைந்ததும் பதவியும் மறைந்தது. பூங்காக் காவலர் வந்தார். அவர் கண்காணிப்பது வாயிற்கதவை.

பெங்களூரின் ஏரிகள் பல கைகள் மாறின. பெருநகர மாநகராட்சி, வளர்ச்சி ஆணையம், வனத்துறை, சிறுபாசனத் துறை ஆகிய அனைத்திற்கும் ஏதேனும் ஒரு காலத்தில் ஏதேனும் ஒரு ஏரியில் பொறுப்பு இருந்தது. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏரிகளுக்கென மாநில ஆணையம் அமைந்தது. 2018-இல் திருத்தப்பட்டுக் கர்நாடக ஏரிப் பாதுகாப்பு, வளர்ச்சி ஆணையமாக ஒன்றுபடுத்தப்பட்டது. ஒரே அமைப்பாக இருந்த பெருநகர மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. இப்பிரிவினை நகர ஏரிகளுக்குப் புதிய சிக்கல் ஒன்றைத் தரக்கூடும். பெங்களூரின் ஏரிகள் தனித்தனியானவையல்ல. ஒன்று வழிந்தால் மற்றொன்றிற்கு நீர் போகுமாறு மூன்று பள்ளத்தாக்குகளில் சங்கிலித் தொடராக அமைந்தவை. அல்சூர் ஏரியின் உபரிநீர் பெல்லந்தூருக்கும், அங்கிருந்து வர்த்தூருக்கும் சென்று, தென்பெண்ணையில் கலந்து ஒசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரி தாங்குமா என்பதை எந்த ஒரு மாநகராட்சியும் தன் எல்லைக்குள் நின்று கணக்கிட முடியாது. சிறிய அணையின் இடர் வகுப்பைத் தீர்மானிக்கையில் அதன் கீழுள்ள அணைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

செலவு பற்றிய தயக்கம் இங்குப் பெரிதாக எழ வேண்டியதில்லை. இடர் வகுப்பைத் தீர்மானிக்கத் தேவையானவை கரையின் உயரமும் நீளமும், ஏரியின் கொள்ளளவு, கலிங்கின் அகலமும் தரைமட்டமும், கீழ்ப்புறத்தில் நீர் பாயக்கூடிய வீதிகளின் வரைபடம், அவ்வீதிகளில் இரவில் தங்குவோர் தொகை ஆகியனவே. பெரும்பாலானவை நகராட்சியின் வரித்துறையிலும் நகரமைப்புத் துறையிலும் முன்பே உள்ளன. அவற்றை ஓரிடத்தில் சேர்ப்பதே வேலை. வகுப்பு உயர்ந்தால் ஆய்வு அடிக்கடி நடக்க வேண்டும். அவசரகாலச் செயல் திட்டம் எழுதப்பட வேண்டும். யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது, எந்த வீதியை முதலில் காலி செய்வது என்பன அதில் இருக்க வேண்டும். பத்தாண்டுக்கொருமுறை கீழ்ப்புறத்து வரைபடத்தைப் புதுப்பிப்பதும் இன்றியமையாதது. நகரம் வளர்ந்தால் வகுப்பும் உயரும்.

ஆய்வு என்பதும் பெரும் கருவிகளைக் கோருவதன்று. பெருமழை ஓய்ந்த மறுநாள் கரையின் கீழ்ப்புற அடியோரமாக ஒருவர் நடந்து பார்த்தல் அதன் முதற்படி. கசிவு இருக்கிறதா? இருப்பின் தெளிந்த நீரா, கலங்கிய நீரா? தெளிந்த நீரைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு அளவை அளந்து வர வேண்டும். கலங்கிய நீராயின் கரையின் மண் உள்ளிருந்து போய்க்கொண்டிருக்கிறது. அன்றே பொறியாளரை அழைக்க வேண்டும். உச்சியில் நீளவாக்கில் வெடிப்பு உண்டா, சரிவில் புடைப்பு உண்டா, பெரிய மரம் பட்டுப்போய் வேர் அழுகிய இடம் உண்டா, கலிங்கின் வாயில் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துள்ளனவா, மீன் வெளியேறாதிருக்க யாரேனும் வலை கட்டி வைத்துள்ளனரா? கடைசியாகக் கூறியது அற்பமாகத் தோன்றலாம். கலிங்கில் கட்டிய வலையில் குப்பை சேர்ந்தால் நீர்மட்டம் உயர அதுவே போதும். சாங்கி ஏரியைச் சுற்றி நாள்தோறும் ஆயிரம் கால்கள் நடக்கின்றன. அவை நடப்பது நீரைப் பார்த்த பக்கத்தில். கரையின் மறுபக்க அடியில் நடப்பதற்கென ஒருவரை நியமிப்பதும், அவர் எழுதும் குறிப்பேட்டை மாதந்தோறும் படித்துக் கையொப்பமிட ஒரு பொறியாளரைப் பெயர் சொல்லிக் குறிப்பதும் ஒரே அலுவலக ஆணையில் முடியக்கூடியவை.